பாதைக்கு என்ன விலை?

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் ரயில்பாதையில் குப்பம் தாண்டியதும் வரும் பெரிய சந்திப்பு பங்காருபேட்டை. பழைய அட்டவணைகளில் இதன் பெயர் பௌரிங்பேட்டை. மைசூரின் கமிஷனராக இருந்த லெவின் பௌரிங்கின் பெயரால் வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864இல் பாதை போட்டார்கள். கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்காக 1890களில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் வழியாக மாரிக்குப்பம்வரை ஒரு கிளை வந்தது. 1913இல் கோலார் பக்கமாக நேரோ கேஜ் பாதை ஒன்று கிளம்பியது. அது பிற்பாடு சிந்தாமணி, சிக்பள்ளாப்பூர் என்று நீண்டு, எலஹங்கா வழியாகச் சுற்றிக்கொண்டு பெங்களூரையே போய்த் தொட்டது.

ஆக, பங்காருபேட்டையில் நிற்கிறவருக்குப் பெங்களூரு போக இரண்டு வழி. மாலூர், ஒயிட்ஃபீல்டு வழியே நேராகப் போனால் ஏறத்தாழ 70 கி.மீ. கோலார், சிக்பள்ளாப்பூர் சுற்றிப் போனால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எது நல்ல வழி என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். இதே கேள்வியைக் கணினி வலையமைப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் ரவுட்டரிடம் கேட்டால், அது பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கும்: நல்லது என்றால் எதில் நல்லது?

ரவுட்டருக்கு ஊர் தெரியாது, தூரம் தெரியாது. தன்னிடம் செருகியிருக்கும் ஒவ்வொரு கேபிளுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். அந்த எண்ணுக்கு மெட்ரிக் என்று பெயர். வேலை செய்கிறவர்கள் பேச்சில் ‘காஸ்ட்’. வழி நெடுக உள்ள எண்களைக் கூட்டி, எந்தப் பக்கம் கூட்டுத்தொகை குறைவோ அந்தப் பக்கம் பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, தள்ளிவிடும். கூட்டுவதில் ஒரு சிரமமும் இல்லை. அந்த எண்ணை யார் போட்டார், எதைப் பார்த்துப் போட்டார் என்பதில்தான் ஐம்பது ஆண்டுக் கதை ஒளிந்திருக்கிறது.

கணக்கே வேண்டாத இடமும் உண்டு. மாரிக்குப்பம் அப்படிப்பட்டது. பாதை அங்கே முடிந்துவிடுகிறது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடியபிறகு, தங்கவயலின் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலை வண்டியைப் பிடித்துப் பெங்களூரு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். அவர்கள் பெங்களூரு போனாலும், காட்பாடி போனாலும், டில்லிக்கே போனாலும், ரயில் என்றால் முதலில் பங்காருபேட்டை. இப்படி ஒற்றை வாசல் உள்ள வலையமைப்பில் ரவுட்டருக்கு ஒரே ஒரு வரி எழுதிக்கொடுத்தால் போதும்: எதுவானாலும் அந்தப் பக்கம் அனுப்பு. உங்கள் வீட்டு வைஃபை பெட்டிக்குத் தெரிந்ததும் இந்த ஒரு வரிதான்.

வாசல் இரண்டானதும் தகராறு தொடங்குகிறது.

இருப்பதிலேயே எளிமையான மெட்ரிக், எத்தனை ரவுட்டரைத் தாண்ட வேண்டும் என்று எண்ணுவது. ஒரு தாண்டலுக்கு ஒரு ஹாப். ரிப் என்ற நெறிமுறை இதைத்தான் செய்கிறது. 1980களின் தொடக்கத்தில் பெர்க்லி யுனிக்ஸோடு சேர்ந்து பரவிய பழக்கம் இது. சார்ல்ஸ் ஹெட்ரிக் 1988இல் முறையாக எழுதிவைத்தார். 30 விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டரிடம் தன் பட்டியலை ஒப்பிக்கும்: ‘கோலாருக்கு என் வழியாக 1, சிக்பள்ளாப்பூருக்கு 2.’ கேட்டவர் ஒவ்வொன்றோடும் 1 கூட்டித் தன் பட்டியலில் எழுதிக்கொள்வார். யாரிடமும் முழு வரைபடம் கிடையாது. எல்லாம் கேள்விப்பட்ட சேதிதான்.

கேள்விப்பட்ட சேதியை நம்பினால் என்ன ஆகும் என்று பங்காருபேட்டையை வைத்தே பார்த்துவிடலாம். ரயில் நிலையங்களுக்குப் பதில் அங்கெல்லாம் ரவுட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாரிக்குப்பம் கேபிள் அறுந்துவிட்டது. பங்காருபேட்டைக்கு அது உடனே தெரியும். ஆனால் அந்தச் சேதியைச் சொல்லுமுன் கோலாரின் பட்டியல் வந்து சேர்கிறது: ‘மாரிக்குப்பமா? என்னிடம் வழி இருக்கிறது, 2 ஹாப்.’ அந்த வழி பங்காருபேட்டை வழியாகத்தான் போகிறது என்பதைக் கோலார் சொல்லவில்லை. சொல்ல அந்தப் பட்டியலில் இடமும் இல்லை. சரி, கோலார் வழியாக 3 என்று பங்காருபேட்டை எழுதிக்கொள்ளும். இவர் 3 என்று சொன்னதைக் கேட்டுக் கோலார் தன் கணக்கை 4 ஆக்கும். இவர் 5, அவர் 6. மாரிக்குப்பம் போக வேண்டிய பாக்கெட்டுகள் அதுவரை கோலாருக்கும் பங்காருபேட்டைக்கும் நடுவே பந்தாடப்படும்.

இந்தப் பைத்தியக்காரத்தனம் எங்காவது நிற்க வேண்டுமே என்றுதான் ரிப்பில் 16 என்றால் முடிவிலி என்று வைத்தார்கள். 15 ஹாப்புக்கு மேல் உலகமே கிடையாது. சேதி எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதைத் திருப்பிச் சொல்லாதே என்று இன்னொரு விதியும் சேர்த்தார்கள். இரண்டு பேருக்குள் நடக்கும் குழப்பத்தை அது தீர்க்கும். மூன்று பேர் வட்டமாக நின்றால் தீர்க்காது.

பக்கத்தில் இருப்பவர் பொய் சொன்னால் இன்னும் மோசம். இணையத்தின் தாயான ஆர்பாநெட்டில் 1970களில் அப்படி நடந்தது. ஹார்வர்டில் இருந்த ரவுட்டரின் நினைவகம் பழுதாகி, எல்லா ஊருக்கும் என் தூரம் பூஜ்யம் என்று அது அறிவித்துவிட்டது. அமெரிக்காவின் பாக்கெட்டெல்லாம் ஹார்வர்டை நோக்கி ஓடி அங்கேயே காணாமல் போயின. கணக்குப் போட்டவர்கள் யாரும் தப்பாகப் போடவில்லை. கையில் கிடைத்த எண் தப்பு.

பொய்யே இல்லாவிட்டாலும் ஹாப் எண்ணுவதில் ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. சேலத்திலிருந்து பெங்களூருக்கும் இரண்டு ரயில் வழி. தர்மபுரி, ஓசூர் வழி ஒன்று. ஜோலார்பேட்டை, பங்காருபேட்டை வழி இன்னொன்று. ஓசூர் வழி கிலோமீட்டரில் குறைவு, வழியில் சந்திப்புகளும் குறைவு. ஆனால் அது நெடுங்காலமாக ஒற்றைத்தடம். ஜோலார்பேட்டை வழியோ இரட்டைத்தடம். கன்னியாகுமரியிலிருந்து வரும் ஐலண்டு எக்ஸ்பிரஸ் சேலத்துக்கு வந்தும் ஓசூர் பக்கம் திரும்பாமல் பங்காருபேட்டை சுற்றித்தான் பெங்களூரு போகிறது. ரிப்பிடம் விட்டிருந்தால் ஓசூர் பக்கம் தள்ளியிருக்கும். சேலத்திலிருந்து ஓமலூர், பையப்பனஹள்ளி, பெங்களூரு என்றால் 3 ஹாப். ஜோலார்பேட்டை, பங்காருபேட்டை, பையப்பனஹள்ளி, பெங்களூரு என்றால் 4. மூன்று நான்கைவிடச் சின்னது, அவ்வளவுதான் அதன் அறிவு. தடம் ஒற்றையா இரட்டையா என்று அது கேட்பதே இல்லை.

கேட்கிற நெறிமுறை 1989இல் வந்தது: ஓஎஸ்பிஎஃப். ஜான் மோய் எழுதியது. இன்றும் கல்லூரி வளாகங்கள், வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உள்ளே பரவலாக ஓடுவது. இதில் யாரும் யாரிடமும் வதந்தி கேட்பதில்லை. ஒவ்வொரு ரவுட்டரும் ‘என்னோடு நேரடியாகச் சேர்ந்திருப்பவர்கள் இன்னார், ஒவ்வொரு இணைப்பின் விலை இவ்வளவு’ என்று மட்டும் எழுதி எல்லாருக்கும் பரப்பிவிடும். எல்லாத் துண்டுகளையும் ஒட்டினால் முழு வரைபடம். அதே வரைபடம் எல்லாரிடமும் இருக்கும். அவரவர் உட்கார்ந்து அவரவர் வழியைக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கணக்கு, நெதர்லாந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடை வாசலில் கண்டுபிடித்தது. மணம் பேசியிருந்த பெண்ணோடு கடைகளில் அலைந்து களைத்து உட்கார்ந்தபோது, தாளும் பென்சிலும் இல்லாமல், இருபது நிமிடத்தில். புதுக் கணினி ஒன்றின் திறமையை ஊருக்குக் காட்ட ஒரு புதிர் வேண்டியிருந்தது. நாட்டின் 64 ஊர்களை வைத்துக் குறுக்குவழி கண்டுபிடிப்பது அந்தப் புதிர். கையில் எழுதிப் பார்க்க முடியாததால் சிக்கலான எதையும் சேர்க்க முடியவில்லை, அதனால்தான் அது இவ்வளவு நேர்த்தியாக வந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார்.

பங்காருபேட்டையிலிருந்து அதைப் போட்டுப் பார்ப்போம். விலைக்குப் பதில் இப்போதைக்குத் தோராயக் கிலோமீட்டர். கைக்கெட்டும் இடங்கள் நான்கு: மாரிக்குப்பம் 16, கோலார் 18, பையப்பனஹள்ளி 60, ஜோலார்பேட்டை 75. இருப்பதில் சின்னது மாரிக்குப்பம். அதை முடிந்தது என்று ஒதுக்கு. 16ஐ விடக் குறைவாக அங்கே போக வேறு வழி இருக்கவே முடியாது, ஏனென்றால் வேறெந்தப் பக்கம் கால் வைத்தாலும் அதைவிட அதிகம் நடந்தாகிவிட்டது. அடுத்து கோலார், அதை முடித்ததும் அதற்கு அப்பால் சிக்பள்ளாப்பூர் நூறு கி.மீ. அளவில் தெரிகிறது. அதற்குள் பையப்பனஹள்ளி முடிந்து, அதன் வழியாகப் பெங்களூரு 70 என்று வந்து, அதுவும் முடிந்துவிடுகிறது. சிக்பள்ளாப்பூர் சுற்று பெங்களூருக்கு ஒரு விலை சொல்லும் முன்பே ஆட்டம் தீர்ந்தது. ஒவ்வொரு முறையும் மிச்சம் இருப்பதில் மிகக் கிட்டத்தில் உள்ளதை எடு. எடுத்ததைத் திரும்பத் தொடாதே. ஆயிரம் ரவுட்டர் உள்ள வலையிலும் இதே விதிதான், கண்மூடித் திறக்குமுன் முடிகிறது.

கிலோமீட்டரை வைத்துச் சொன்னது புரிவதற்காக. உண்மையில் ரவுட்டர்கள் பெரும்பாலும் தூரத்தைச் சட்டை செய்வதில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது, ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ விநாடி. பங்காருபேட்டையிலிருந்து பெங்களூருக்கு நேராகப் போனால் 0.35 மில்லி விநாடி. சிக்பள்ளாப்பூர் சுற்றினாலும் ஒரு மில்லி விநாடிக்குள் வந்துவிடும். ரயில் பயணிக்கு அரை நாளைத் தின்னும் சுற்றுவழி, ஒளிக்கு ஒன்றுமே இல்லை. (தரையிலிருந்து 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால் கதை வேறு. ஏறி இறங்கவே கால் விநாடி ஆகும்.) ஒரு மாவட்டத்துக்குள் நேரம் கரைவது தூரத்தில் இல்லை, கேபிளின் வாயில் முண்டியடிக்கும் நெரிசலில். ஆகவே விலை போடும்போது பார்க்க வேண்டியது கேபிளின் அகலம்.

ரவுட்டர் விற்பனையில் பெரிய கையான சிஸ்கோ இதற்கு ஒரு வாய்பாடு வைத்தது: நொடிக்கு 10 கோடி பிட் என்பதைக் கேபிளின் வேகத்தால் வகு. 100 மெகாபிட் கேபிளுக்கு விலை 1. 10 மெகாபிட்டுக்கு 10. பழைய 64 கிலோபிட் குத்தகைக் கம்பிக்கு 1562. இப்போது சேலம் கணக்கைத் திரும்பப் போடலாம். ஓசூர் வழியின் முதல் இரண்டு துண்டும் 10 மெகாபிட், மற்றதெல்லாம் 100 மெகாபிட் என்று கற்பனை செய்தால், ஓசூர் வழி 10+10+1, மொத்தம் 21. பங்காருபேட்டை வழி 1+1+1+1, மொத்தம் 4. ஐலண்டு எக்ஸ்பிரஸ் போகும் பக்கமே பாக்கெட்டும் போகும்.

இந்த வாய்பாட்டிலும் ஓர் ஓட்டை. விலை முழு எண்ணாக இருக்க வேண்டும், 1க்குக் கீழே போகக் கூடாது. 100 மெகாபிட்டுக்கே 1 ஆகிவிட்டதால், அதற்குப் பத்து மடங்கான கிகாபிட் கேபிளுக்கும் 1, நூறு மடங்கானதற்கும் 1. வாய்பாட்டை எழுதிய காலத்தில் 100 மெகாபிட் என்பது ராஜபாட்டை. இன்று அது சந்து. ஆனால் சந்துக்கும் ராஜபாட்டைக்கும் ஒரே சுங்கம். அனுபவம் உள்ள பொறியாளர் புது வலையை எழுப்பும்போது முதல் வேலையாக அந்த 10 கோடியை உயர்த்திவைப்பார். உயர்த்துவதென்றால் எல்லா ரவுட்டரிலும் ஒன்றுபோல் உயர்த்த வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால், தன் மெதுவான கேபிளையும் அது அடிமாட்டு விலைக்குக் கூவி ஊர்க் கூட்டத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

சிஸ்கோவின் சொந்த நெறிமுறையான ஈஐஜிஆர்பி இன்னும் ஒரு படி போனது. வழியில் உள்ள எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கூட்டுவது சரியில்லை என்றது. அகலத்தைப் பொறுத்தவரை வழியின் மிகக் குறுகிய இடம் ஒன்றுதான் முக்கியம். தாமதம்தான் ஒவ்வொரு துண்டிலும் சேர்ந்துகொண்டே போவது. ஆகவே ஒரு கோடியை மிகக் குறைந்த வேகத்தால் (கிலோபிட்டில்) வகுத்து, தாமதங்களின் கூட்டுத்தொகையைப் பத்து மைக்ரோ விநாடி அலகில் சேர்த்து, மொத்தத்தை 256ஆல் பெருக்கு. 10 மெகாபிட் இணைப்புக்கு வழக்கமாக வைக்கும் தாமதம் 1000 மைக்ரோ விநாடி, 100 மெகாபிட்டுக்கு 100. ஓசூர் வழி: 1000ஐயும் 210ஐயும் கூட்டி 256ஆல் பெருக்கினால் 3,09,760. பங்காருபேட்டை வழி: 100ஐயும் 40ஐயும் கூட்டிப் பெருக்கினால் 35,840. விடை அதேதான், ஆனால் யோசனை நேர்த்தியானது. குறுகலும் தாமதமும் ஒரே வகைத் தொல்லை இல்லை என்பதை எண்ணிலேயே எழுதிவிட்டார்கள்.

அந்த வாய்பாட்டில் இன்னும் சில காலி இடங்கள் உண்டு: கேபிள் இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எவ்வளவு நம்பகமானது என்று சேர்த்துக்கொள்ள. அவற்றின் பெருக்கெண்ணைப் பூஜ்யமாக வைத்தே பெட்டியை விற்கிறார்கள். மேலே சொன்ன தாமதமும் அளந்ததில்லை, எழுதிவைத்தது. இது என்ன விந்தை? நெரிசலைப் பார்த்து வழி மாற்றுவதல்லவா புத்திசாலித்தனம்? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதற்கான பதில்தான்.

ஆர்பாநெட் 1969இல் தொடங்கியபோது, கேபிள் வாயில் எத்தனை பாக்கெட் வரிசையில் நிற்கிறது என்பதையே விலையாக வைத்தார்கள். அந்த வரிசை ஒரு கணம் நீளும், மறு கணம் கரையும். வழிகளும் அதோடு சேர்ந்து ஆடின. 1979இல் ஜான் மெக்குவில்லனும் கூட்டாளிகளும் அதைத் தூக்கிவிட்டு, டைக்ஸ்ட்ரா கணக்கைக் கொண்டுவந்தார்கள். விலையாக உண்மையான தாமதத்தை வைத்தார்கள்: ஒவ்வொரு பாக்கெட்டும் காத்திருந்த நேரத்தை அளந்து, 10 விநாடிக்குச் சராசரி எடுத்து அறிவிப்பது. இதைவிட நேர்மையான எண் இருக்க முடியாது. கூட்டம் குறைவாக இருந்தவரை அருமையாக வேலை செய்தது.

கூட்டம் ஏறியதும் பிசகியது. நாட்டின் இரண்டு பகுதிகளை இரண்டே கம்பிகள் இணைக்கின்றன என்று வையுங்கள். முதல் கம்பியில் நெரிசல். அதன் விலை எகிறுகிறது. அறிவிப்பு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகிறது. எல்லாரும் ஒரே வரைபடத்தில் ஒரே கணக்கைப் போட்டு ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: இரண்டாவது கம்பி. அடுத்த 10 விநாடியில் முதல் கம்பி காலி, இரண்டாவது திணறுகிறது. எல்லாரும் திரும்ப முதல் கம்பிக்கு. எப்போது பார்த்தாலும் ஒன்று நிரம்பி வழியும், மற்றது சும்மா கிடக்கும். இரண்டு கம்பி இருந்தும் ஒன்றின் வேலைதான் நடக்கும். அளந்த தாமதம் நேற்றைய உண்மை. அதைக் கேட்டு எல்லாரும் நகர்ந்ததுமே அது பொய்யாகிவிடுகிறது. விலை வித்தியாசமும் அநியாயம்: கூட்டம் நிறைந்த 9.6 கிலோபிட் கம்பி, காலியான 56 கிலோபிட் கம்பியைப்போல் 127 மடங்கு விலை காட்டியது. அதற்குப் பதிலாக நாட்டையே சுற்றி வரலாம் என்று ரவுட்டர்கள் முடிவு செய்தன.

1987இல் அதுல் கன்னாவும் ஜான் ஜிங்கியும் இதற்கு மருந்து கொடுத்தார்கள். மருந்து, எண்ணை வேண்டுமென்றே மழுங்கடிப்பது. கம்பி ஓரளவு நிரம்பும்வரை விலை அசையக் கூடாது. அதன்பிறகு ஏறினாலும் காலியாக இருக்கும்போது உள்ள விலையைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. மிக மட்டமான கம்பியின் விலைகூட மிகச் சிறந்ததைப்போல் ஏழு மடங்குதான். ஒரு தடவை அறிவிப்பதற்கும் அடுத்த தடவைக்கும் நடுவே கொஞ்சமாகத்தான் மாறலாம். எனக்குச் சிரிப்பு வரவழைத்த விதி கடைசியானது: அறுந்து திரும்பச் சரியான கம்பி, உச்ச விலையோடுதான் கடை திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காலிக் கம்பி என்று எல்லாரும் ஒரே பாய்ச்சலில் வந்து அதை மறுபடி மூழ்கடிப்பார்கள். அளவுகோல் கூர்மை குறைந்ததும் வலையமைப்பு அமைதியானது. ஒரு பகுதியினர் நகர, மற்றவர் நின்ற இடத்திலேயே நிற்க, இரண்டு கம்பியும் ஏறக்குறையப் பாதிப் பாதி நிரம்பின. ஆர்பாநெட் பட்ட பாட்டைத் தெரிந்தவருக்கு ஈஐஜிஆர்பியின் அந்தப் பூஜ்யங்கள் ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இதுவரை பார்த்தது ஒரே நிர்வாகத்துக்குள் நடக்கும் கணக்கு. ஒரு நிறுவனத்தின் எல்லையைத் தாண்டி இன்னொன்றுக்குள் போகும்போது பிஜிபி என்ற வேறொரு நெறிமுறை ஆள்கிறது. அங்கே பொதுவான விலை என்று எதுவும் இல்லை. என் கேபிளின் விலையை நீ ஏன் நம்ப வேண்டும்? ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் உண்டு. வழி பற்றிய சேதி எந்தெந்த நிறுவனங்களைத் தாண்டி வந்தது என்று அந்த எண்களை வரிசையாக எழுதி அனுப்புவார்கள். வரிசை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ரிப்பில் நாம் கேலி செய்த அதே தலை எண்ணும் வித்தைதான், கண்டங்கள் அளவில். ஒரு நல்ல மாற்றம்: முழு வரிசையும் தெரிவதால், தன் எண் ஏற்கெனவே அதில் இருந்தால் ‘இது என்னிடமே சுற்றி வந்த சேதி’ என்று தூக்கி எறியலாம். கோலார், பங்காருபேட்டை பந்தாட்டம் இங்கே நடக்காது.

ஆனால் நீளம் எண்ணுவதற்கு முன்பே ஒரு சல்லடை இருக்கிறது: காசு. எனக்குப் பணம் கட்டும் வாடிக்கையாளர் வழியா, கொடுக்கல் வாங்கல் இல்லாத தோழமை நிறுவனம் வழியா, நான் பணம் கட்ட வேண்டிய பெரிய நிறுவனம் வழியா? முதலாவது இருந்தால் மற்றதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்தியாவின் இணைய நிறுவனங்கள் ஆரம்ப நாளில் ஒன்றோடொன்று நேராகச் சேராமல், வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களிடமே இணைப்பு வாங்கியிருந்தன. ஆகவே ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு நடுவே போகிற பாக்கெட்டும் கடல் தாண்டிப் போய்த் திரும்ப நேர்ந்தது. உள்நாட்டுப் பாக்கெட் உள்நாட்டிலேயே கை மாறட்டும் என்பதற்காகவே 2003இல் நிக்ஸி என்ற தேசிய இணையப் பரிமாற்ற மையம் தொடங்கப்பட்டது.

இந்த உலகத்தில் பொறியாளர்கள் ஒரு வேடிக்கை செய்வார்கள். ஒரு நிறுவனத்துக்குச் சென்னை பக்கம் ஒரு பெரிய இணைப்பு, பெங்களூரு பக்கம் அவசரத்துக்கு ஒரு சின்ன இணைப்பு. வெளியிலிருந்து வரும் கூட்டம் சின்னதில் வந்து விழாமல் இருக்க, அந்தப் பக்கம் சேதி அனுப்பும்போது தன் எண்ணை ஒரு தடவை எழுதுவதற்குப் பதில் மூன்று நான்கு தடவை எழுதிவிடுவார்கள். வரிசை நீளமாகத் தெரியும்; இது சுற்றுவழி என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். உள்ளதைவிடத் தன்னைத் தூரமாகக் காட்டிக்கொள்ளும் இந்தப் பொய்க்கு எல்லாரும் சம்மதம். உலகம் முழுக்கத் தினமும் நடக்கிறது. சில நேரம் அது பலிக்காது. பெங்களூரு பக்கத்து நிறுவனத்துக்கு இவர் காசு கட்டும் வாடிக்கையாளர் என்றால், அந்த நிறுவனம் வரிசையின் நீளத்தை எண்ணுவதற்கு முன்பே முடிவெடுத்திருக்கும். எண்ணைப் பத்துத் தடவை எழுதினாலும் அதன் கூட்டம் அந்தச் சின்ன இணைப்பின் வழியாகவேதான் வந்து சேரும்.